எல்லைக்கோடும் மல்லாரியும்: போருக்கு முந்தைய காரைக்காலின் இசைச் சூழல்

1739இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயர் வசம் போய்த் திரும்பினாலும், 1954 வரை பிரெஞ்சிந்தியாவின் ஒரு துண்டு நிலமாகவே இருந்தது. நீதிமன்றமும் சுங்கச் சாவடியும் இந்த ஊரைச் சுற்றியிருந்த தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரித்தன என்றாலும், இசையைப் பொறுத்தவரை அப்படியொரு கோடு இருந்ததாகவே சொல்ல முடியாது. 1898இல் திறக்கப்பட்ட பேரளம்–காரைக்கால் இருப்புப்பாதை இவ்வூரை மாயவரம்–திருவாரூர்ப் பாதையோடு, அதாவது காவிரிப் படுகையின் இசை நடமாட்டம் மிகுந்த தடத்தோடு, இணைத்துவிட்டிருந்தது.

இப்பகுதியின் இசைத் தொன்மைக்குக் காரைக்கால் அம்மையாரே சான்று. தேவார மூவருக்கு முற்பட்டவராகக் கருதப்படும் அவருடைய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் நட்டபாடை, இந்தளம் என்ற பண்களில் அமைந்தவை. பண் என்பது இன்றைய இராகத்துக்கு முன்னோடியான பழந்தமிழ் இசைவடிவம். நட்டபாடையை ஓதுவார்கள் இன்று பாடும் கம்பீரநாட்டை, சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் வாசிக்கப்படும் மல்லாரிக்கும் உரிய இராகமாகும். மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்பகுதி, கிடையாது. தாளக்கட்டே அதன் உயிர். தியாகராசருக்குரிய ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்றான திருநள்ளாறு இந்த எல்லைக்குள் இருப்பதால், நாகசுரம், தவில், ஒத்து, தாளம் ஆகியவை சேர்ந்த பெரிய மேளம் இங்கு அயலிலிருந்து வந்த ஆடம்பரமன்று, கோயில் நடைமுறையின் அங்கமே.

முப்பதுகளில் அந்த நாகசுரமே மாறியது. காரைக்காலுக்குத் தென்மேற்கே, எல்லைக்கு அப்பால் சில கல் தொலைவிலுள்ள திருமருகலில் 1898இல் பிறந்து, முதலில் வாய்ப்பாட்டுப் பயின்று, பின்னர் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய டி. என். இராஜரத்தினம் பிள்ளை, குட்டையான, உச்சச் சுருதியுடைய திமிரி நாகசுரத்தைக் கைவிட்டு, நீண்ட, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தை நிலைநிறுத்தினார். அதில் சுத்த மத்திமம் துல்லியமாகப் பேசும்படி துளைகளை அமைத்துக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டதும், குடுமியை நீக்கியதும், ஷெர்வானி அணிந்ததும் வெறும் பகட்டு என்று அக்காலத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் வாய்ப்பாட்டு வித்துவானுக்குக் கிடைத்த மரியாதையை நாகசுரக்காரரும் கேட்டுப்பெற வேண்டும் என்ற பிடிவாதமே அதற்குள் இருந்தது என்று கொள்வதுதான் பொருத்தம். தெருவில் நின்று கேட்ட தோடி ஆலாபனை இசைத்தட்டிலும் ஏறியது. ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடமே கொள்ளும் அந்தத் தட்டில் இரவு முழுதும் விரியக்கூடிய ஓர் இராகத்தை அடக்குவது புதிய கலையாயிற்று.

திரையிசையும் அப்போது சபா இசையை விட்டு விலகியிருக்கவில்லை. தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்த பாபநாசம் சிவன், கீர்த்தனை இயற்றிய அதே கையால் 1937இல் வெளியான 'சிந்தாமணி'க்கும் பாடல் எழுதினார். 1938இல் முசிரி சுப்பிரமணிய ஐயர் 'துக்காராம்' படத்திலும், எம். எஸ். சுப்புலட்சுமி 'சேவாசதன'த்திலும் நடித்தார்கள். பாடத் தெரிந்தவரே நடிகர் என்ற அந்த நிலையில், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' 1940இல் இராஜரத்தினம் பிள்ளையையே புலவராக நடிக்க வைத்தது. காளமேகப் புலவரைப் பற்றிய கதைகளின் உச்சம், அதிமதுரகவியோடு அவர் மோதிய திருமலைராயன் அவை; அவர் மண்மாரி பொழியப் பாடியதாகச் சொல்லப்படும் திருமலைராயன்பட்டினம் காரைக்கால் எல்லைக்குள் இருப்பது. பிரிட்டிஷ் எல்லையில் பிறந்த நாகசுரக்காரர் பிரெஞ்சு எல்லைக்குட்பட்ட ஊரின் கதையில் நடித்தார் என்பது அன்று யாருக்கும் விந்தையாகப் பட்டிருக்காது. படம் பெரிதாக ஓடவில்லை.

இதற்கிடையில் 1938 ஜூன் 16இல் சென்னையிலும், 1939 மே 16இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. சுங்கச் சாவடி அறியாத ஒலியலைகள் படுகைக்கு வந்து நான்கு மாதம் ஆவதற்குள் ஐரோப்பாவில் போர் மூண்டது. பின்னர் கச்சாப் படச்சுருளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஐம்பது பாட்டு வரை கொண்டிருந்த படங்கள் சுருங்க நேர்ந்தது.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் ஆளுநர் லூயி போன்வேன் பிரெஞ்சிந்தியாவைச் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்த்தார். அடுத்த ஆண்டு அண்ணாமலை நகரில் கூடிய மாநாட்டோடு, மேடைக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை என்ற குறை தமிழிசை இயக்கமாக வலுத்தது. சபாக்களைப் பிளந்த அந்த வழக்கு, ஓதுவார் தேவாரம் பாடவும் சொல்லில்லாத மல்லாரியோடு சுவாமி புறப்படவும் பழகியிருந்த கோயில் வீதியை அவ்வளவாகத் தொடவில்லை.