டிக்கெட்டில் ஒரு பெயர்... விமானத்தில் ஒரு பெயர்!

நண்பர் ஒருவர் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். பிசினஸ் கிளாஸ். கம்பெனி காசு. 'இந்தத் தடவையாவது காலை நீட்டித் தூங்கிடுவேன்யா' என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வழியில் ஐரோப்பாவில் விமானம் மாற வேண்டும். மாறினார். டிக்கெட்டில் இருந்தது ஒரு கம்பெனியின் பெயர். வாசலில் நின்றதோ வேறொரு கம்பெனியின் விமானம்! உள்ளே சீட்டைச் சாய்த்தால் படுக்கை முழுசாகப் படுக்கவில்லை, சரிவாக நின்றுவிட்டது. ராத்திரி முழுக்கச் சறுக்குமரத்தில் சறுக்குவதும், மேலே ஏறிப் படுப்பதுமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். பிறகு டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி... 'இந்த விமானத்தை இயக்குபவர் இன்னார்'!

'இது என்ன அநியாயம்? பிரியாணி கடையில் காசு வாங்கிவிட்டுப் பக்கத்து மெஸ்ஸில் உட்காரவைத்த மாதிரி!' என்று கோபப்பட்டார். நியாயமான கோபம்தான். ஆனால், இந்த ஏற்பாட்டுக்கு வயது தொண்ணூறு ஆகிறது என்றால் நம்புவீர்களா?

லண்டனையும் ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் பாதைக்குக் 'கங்காரு ரூட்' என்று பெயர். தாவித் தாவிப் போவதால் அந்தப் பெயர். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1930-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் 'இம்பீரியல் ஏர்வேஸ்', லண்டனிலிருந்து கராச்சி, கல்கத்தா வரை பறந்துகொண்டிருந்தது. அப்படியே நீட்டி ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட ஆசை. ஆனால், தங்கள் வானத்தில் அடுத்தவர் முழுசாக வந்து உட்கார ஆஸ்திரேலியர்களுக்கு இஷ்டமில்லை. அங்கே 'குவாண்டாஸ்' என்று ஒரு சின்ன கம்பெனி இருந்தது. பேச்சுவார்த்தை நடந்தது. 1934-ல் இரண்டு பேரும் சேர்ந்து 'குவாண்டாஸ் எம்பயர் ஏர்வேஸ்' என்று புதுக் கம்பெனி ஆரம்பித்தார்கள். இவருக்கு 49 சதவிகிதம், அவருக்கு 49 சதவிகிதம். மீதி 2? அது நடுநிலையான ஒரு மத்தியஸ்தர் கையில்! சண்டை வரும் என்று கல்யாணத்தன்றே தெரிந்திருக்கிறது.

சிங்கப்பூர் வரை இம்பீரியல், அங்கிருந்து பிரிஸ்பேன் வரை குவாண்டாஸ். 1935-ல் பயணிகள் போகத் தொடங்கினார்கள். சுமார் பன்னிரண்டரை நாள் பயணம், கட்டணம் 195 பவுண்டு. இதில் ஒரு வேடிக்கை. தன் தலைக்கு மேலே பிரிட்டிஷ் விமானம் பறக்க இத்தாலி அனுமதி தரவில்லை. ஆகவே, பாரிஸிலிருந்து பிரிண்டிசி துறைமுகம் வரை பயணிகள் ரயிலில் போனார்கள்! விமான டிக்கெட் வாங்கியவர் ரயிலில்... நம் நண்பராவது பரவாயில்லை.

அந்த அனுமதிச் சீட்டுதான் இன்றுவரை எல்லாவற்றுக்கும் வேர். ஒரு நாட்டின் வானம் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1919-ல் பாரிஸில் எழுதினார்கள், 1944-ல் சிகாகோவில் உறுதி செய்தார்கள். பறக்கும் உரிமையை நாட்டுக்கு நாடு பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். அந்த உரிமை கிடைக்க, கம்பெனி உள்நாட்டுக்காரர் கையில் இருக்கவேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. சோப்பு கம்பெனி இன்னொரு நாட்டு சோப்பு கம்பெனியை வாங்கி முழுங்கிவிடலாம். விமான கம்பெனிக்கு அது சுலபமில்லை. எனவே கல்யாணம் செய்துகொள்ள முடியாதவர்கள் 'கூட்டாளி' ஆனார்கள். 1997-ல் ஐந்து கம்பெனிகள் சேர்ந்த 'ஸ்டார் அலையன்ஸ்', 1999-ல் 'ஒன்வேர்ல்ட்', 2000-ல் 'ஸ்கைடீம்' என்று பிற்பாடு வந்த பெரிய கூட்டணிகளெல்லாம் இந்த வகைதான்.

மறுபடி கங்காருவுக்கு வருவோம். 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. பாதை நடுவில் அறுந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? 1943-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் தென் கரையில் உள்ள கொக்கல ஏரிக்கு, இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டினார்கள். 'கேட்டலினா' என்ற கடல் விமானம். எதிரிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ரேடியோவும் மௌனம். எரிபொருள் கனத்தில் அதிகபட்சம் மூன்று பயணிகளுக்குத்தான் இடம். 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை ஆகும். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம்! போனவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். உயிரோடு இறங்கியதற்குக் கிடைத்த பாயின்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

போர் முடிந்தது. 1947-ல் ஆஸ்திரேலிய அரசு குவாண்டாஸை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி, 29 பயணிகளோடு 'கான்ஸ்டலேஷன்' விமானம் சிட்னியிலிருந்து லண்டன் கிளம்பியது. கல்கத்தாவிலும் கராச்சியிலும் நின்று நின்று போய்ச் சேர நான்கு நாள். போகவர 585 பவுண்டு. உடைமை மாறினாலும் கூட்டு விடவில்லை. இம்பீரியலின் வாரிசான பி.ஓ.ஏ.சி.யும் குவாண்டாஸும் வருமானத்தைப் பொதுவில் போட்டுப் பிரித்துக்கொண்டன. 1960-களில் நம்ம ஏர் இந்தியாவும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தது.

பி.காம். படித்தபோது பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸில் 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' என்று ஒருவர் வருவார். பணம் போடுவார், வேலை பார்க்க மாட்டார். விமானக் கூட்டில் தூங்க ஆசைப்படுகிறவர் பயணி. பணமும் அவர்தான் போடுகிறார்; பார்ட்னர் என்று மட்டும் யாரும் அவரைச் சேர்த்துக்கொள்வதில்லை.

தூக்கம் இந்தக் கதைக்குள் வந்தது பிசினஸ் கிளாஸோடு. 1970-களின் கடைசியில் மலிவு டிக்கெட்டுகள் பெருகின. முழுக் கட்டணம் கொடுத்த வியாபாரிக்கும், பாதி கொடுத்தவருக்கும் ஒரே சீட்டு, ஒரே சாப்பாடு. முணுமுணுப்பு கிளம்பியது. நடுவில் திரை போட்டுத் தனி வகுப்பு பிறந்தது. 1979-ல் தாங்கள்தான் முதலில் செய்தோம் என்கிறது குவாண்டாஸ். உரிமை கொண்டாட வேறு சிலரும் உண்டு.

1993-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸின் 25 சதவிகிதத்தை வாங்கியது. 1995 முதல் கங்காரு ரூட்டில் கட்டணம், அட்டவணை இரண்டையும் இருவரும் கலந்து பேசியே முடிவு செய்தார்கள். அதாவது விலையில் போட்டி இல்லை. ஆனால் படுக்கையில்?

2000-ம் ஆண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸிலேயே முழுசாகத் தட்டையாகும் படுக்கையைக் கொண்டுவந்தது. தலைமாடு கால்மாடு மாற்றி மாற்றி அடுக்கியதால் பாதிப் பேர் பின்னோக்கிப் பறந்தார்கள். ஜன்னலோரக்காரர் பாத்ரூம் போக, பக்கத்திலிருப்பவர் காலைத் தாண்டிக் குதிக்கவேண்டும். ஆனாலும் தட்டை! கூட்டாளி குவாண்டாஸ் 2003-ல் கொண்டுவந்த 'ஸ்கைபெட்' அழகானது, ஆனால் சரிவானது. 2008-ல் ஏ380 வந்தபோதுதான் அவர்களும் தட்டைக்கு வந்தார்கள். இடைப்பட்ட வருடங்களில் யாருடைய விமானம் என்று கேட்டவர் தூங்கினார். கேட்காதவர் சறுக்கினார்.

2004-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பங்குகளை விற்றது. 2013-ல் குவாண்டாஸ் கைமாற்றிக்கொண்டு எமிரேட்ஸோடு சேர்ந்தது. லண்டன் விமானங்கள் சிங்கப்பூரை விட்டு துபாய் வழியாகப் போயின. எமிரேட்ஸோ ஒன்வேர்ல்டிலேயே இல்லை! குவாண்டாஸ் எண் போட்ட டிக்கெட்டில் எமிரேட்ஸ் விமானம். அதிலும் ஏ380 என்றால் மாடியில் தனித்தனி சீட்டும் மதுக்கூடமும். போயிங் 777-ல் வரிசைக்கு ஏழு பேர், நடுவில் மாட்டியவர் பாடு திண்டாட்டம். கூட்டாளி பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் பத்தாது, விமானத்தின் பெயரும் வேண்டும்.

2018-ல் குவாண்டாஸ் சிங்கப்பூருக்கே திரும்பியது. அதே மாதம், கேட்டலினாக்கள் கிளம்பிய அதே பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்கத் தொடங்கியது. சுமார் 17 மணி நேரம், கூட்டாளியே தேவைப்படாத பயணம். அடுத்து சிட்னியிலிருந்தே நேராக லண்டன் என்று அவர்கள் போட்டிருக்கும் திட்டத்துக்கு 'ப்ராஜெக்ட் சன்ரைஸ்' என்று பெயர். அந்த இரட்டைச் சூரியோதயத்தின் ஞாபகமாக.

நண்பர் போன மாதம் மறுபடி டிக்கெட் போட்டார். டிராவல் ஏஜென்ட் இரண்டு கூட்டாளிகளின் விமானங்களைக் காட்டி, 'ரெண்டும் ஒரே ரேட்டுதான் சார், எதைப் போடட்டும்?' என்றாராம். இவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'முதல்ல அந்த ஸ்க்ரீனை இப்படித் திருப்புங்க தம்பி' என்றிருக்கிறார்.