நிலவறையில் பிறந்த இசை

விமானம் கண்ட ரைட் சகோதரர்களின் ஊராகவே அமெரிக்காவின் டேட்டன் நகரை நாம் அறிந்திருக்கிறோம். அவ்வூரில் 1983-ஆம் ஆண்டு தோன்றிய ராக் இசைக்குழு ‘கைடட் பை வாய்சஸ்’. அதன் தலைவர் ராபர்ட் பொலார்டு, நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர், குடும்பஸ்தர்.

சொந்தப் பணத்தில் இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். வாங்குவார் அதிகமில்லை. இதுவே இறுதி என்ற எண்ணத்தோடு 1992-இல் ‘புரொப்பெல்லர்’ என்ற தட்டை 500 பிரதிகள் மட்டும் வெளியிட்டார்கள். (ரைட் சகோதரர் ஊருக்கு ஏற்ற பெயர்தான்!) ஐந்நூறு உறைகளையும் ஒன்றைப்போல் ஒன்றில்லாமல் கையாலேயே செய்தார்கள். அந்தத் தட்டுதான் அவர்களை வெளியூர்களுக்கு அறிமுகம் செய்தது.

1994-இல் வந்த ‘பீ தவுசண்ட்’ தொகுப்பைக் கேட்பவர் முதலில் முகம் சுளிக்கக்கூடும். வீட்டு நிலவறையிலும் கார்க் கொட்டகையிலும், நான்கு தடங்கள் கொண்ட சாதாரணக் காசெட் கருவியில் பதிந்தவை அப்பாடல்கள். நாடாவின் இரைச்சல் கூடவே வருகிறது. முதற்பாடலிலேயே கிதார் ஓசை இடையில் அறுந்து போகிறது. அதைத் திருத்தாமலே விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ 36 நிமிடங்களில் இருபது பாடல்கள். சில ஒரு நிமிடத்தையும் எட்டுவதில்லை. ஆயினும் மெட்டுகள் நெஞ்சை விட்டு அகல மறுக்கின்றன. ‘லோ-ஃபை’ என்று இவ்வகை இசையைக் குறிப்பிடுகின்றனர்.

பதினான்கு ஆண்டுகள் பார்த்த வேலையைப் பொலார்டு அவ்வாண்டிலேயே துறந்தார். அப்போது அவருக்கு வயது 36. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நாம் அந்தத் துணிவை எளிதாக மதிப்பிட்டுவிட முடியாது.

குழு 2004-இல் கலைந்தது, 2010-இல் கூடியது, 2014-இல் மீண்டும் பிரிந்தது, 2016-இல் மறுபடி எழுந்தது. இதற்குள் தொகுப்புகள் நாற்பதைத் தாண்டிவிட்டன. நல்ல கூடங்களில் பதிந்தவையும் அவற்றில் உண்டு. நாம் திரும்பத் திரும்பக் கேட்பதோ, கிதார் அறுந்துபோகும் அந்தப் பழைய பாடலைத்தான்.