கும்பினி கொடுத்த வட்டி

1825இல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கும்பினி அரசுக்குக் கடும் பணமுடை. பர்மாவுடன் நடந்த போர் கஜானாவைக் கரைத்துக்கொண்டிருந்தது. கவர்னர் ஜெனரல் ஆம்ஹெர்ஸ்ட் பிரபு கை நீட்டிய இடம் லக்னோ. அவத் மன்னர் காஸியுத்தீன் ஹைதர் ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். நிபந்தனைதான் விசித்திரம்: அசல் திரும்ப வேண்டாம், ஐந்து சதவீத வட்டியை மட்டும் என்றென்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஐந்து லட்சம். மந்திரி குடும்பத்துக்கும் அரண்மனைப் பேகம்களுக்கும் அது மாதப்படியாகப் பிரிந்தது. பேகம்கள் காலமானால், அவர்கள் உயிலில் எழுதிவைக்கும் மூன்றில் ஒரு பங்கு போக மீதி இராக்கின் நஜஃப், கர்பலா நகரங்களின் முஜ்தஹித்களுக்குச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. முஜ்தஹித் என்பவர் மார்க்கச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்லத் தகுதி பெற்ற அறிஞர். வட்டியை ஹராம் என்று விலக்கிய மார்க்கத்தின் புனித நகரங்களுக்கு வெள்ளைக்காரன் வட்டி போய்ச் சேர்ந்தது ஒரு வேடிக்கை.

அவத் நவாப்கள், அந்நகரங்களைப் புனிதமாகப் போற்றும் ஷியாக்கள். அவர்கள் முன்னோர் ஈரானின் நிஷாபூரிலிருந்து வந்தவர்கள். காஸியுத்தீனுக்கு முன்பே நவாப் ஆஸஃபுத்தௌலா நஜஃபுக்குத் தண்ணீர் கொண்டுபோக யூப்ரடீஸிலிருந்து கால்வாய் வெட்டப் பணம் அனுப்பியிருந்தார். 1803இல் முடிந்த அந்தக் கால்வாய்க்குப் பெயர் ஹிந்தியா.

ஆனால் நஜஃபும் கர்பலாவும் இருந்தது சுன்னி துருக்கியரின் ஆட்சியில். அங்கே யாத்திரைக்கு வந்தவர்களிலும் தங்கிப் படித்தவர்களிலும் பெரும்பாலோர் ஷியா ஈரானின் குடிகள். 1843இல் பாக்தாத் ஆளுநர் நஜீப் பாஷாவின் படை கர்பலாவுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈரானும் துருக்கியும் போரின் விளிம்புக்கு வந்தன. நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசியவர்கள் பிரிட்டிஷாரும் ரஷ்யர்களும். 1847இல் எர்சுரூம் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதற்கு அடுத்த சில ஆண்டுகளில்தான் அவத் வட்டி இராக்குக்குப் போகத் தொடங்கியது. பின்னாளில் அது ஆண்டுக்கு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு முஸ்லிம் அரசின் மண்ணில், பக்கத்து முஸ்லிம் நாட்டின் மக்கள் மதிக்கும் அறிஞர்களுக்கு, மூன்றாவது ஆள் பணம் பட்டுவாடா செய்கிறான். அந்த மூன்றாவது ஆளுக்கு ஆசை வராமல் இருக்குமா? தெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஆர்தர் ஹார்டிங், ஈரானில் ரஷ்யாவின் கையை அடக்க இந்தப் பணத்தை நெம்புகோலாகப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டார். 1903இல் பங்கீட்டு முறையை மாற்றி, ஓரிருவர் கையில் இருந்த பணத்தைப் பலருக்குப் பிரித்தார்கள். இந்தப் பணத்திலிருந்து விலகியவரும் உண்டு: நஜஃபின் பேரறிஞர் முர்தஸா அன்சாரி. 1860 வாக்கிலேயே, எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்.

இதற்கிடையே 1856இல் கும்பினி அவத்தையே விழுங்கிவிட்டது. கடைசி மன்னர் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு வந்து, ஹூக்ளிக் கரையில் மெட்டியாபுருஸில் குட்டி லக்னோ ஒன்றை எழுப்பினார். 1887இல் இறந்தவர், அங்கே தாம் கட்டிய சிப்தைனாபாத் இமாம்பாராவிலேயே அடக்கமானார். ராஜ்யம் போனாலும் முன்னோர் கொடுத்த கடனுக்கான வட்டி மட்டும் தவணை தவறாமல் நஜஃபுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவர் இறந்து ஆறு ஆண்டுகளில் அதே ஊரிலிருந்து இன்னொரு சரக்கு கிளம்பியது. ஈரானின் காஷானிலிருந்து வந்த சையத் ஜலாலுத்தீன் 1893இல் கல்கத்தாவில் ‘ஹப்லுல் மதீன்’ என்ற பாரசீக வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பெயருக்கு உறுதியான கயிறு என்று பொருள். ஈரான் மன்னரான ஷாவின் தணிக்கை அதிகாரிகளுக்கு எட்டாத தூரத்தில் அச்சானதால் ஷாவைத் தாராளமாகத் திட்ட முடிந்தது. ஈரானில் பலமுறை தடை விழுந்தும் பிரதிகள் உள்ளே போய்க்கொண்டேயிருந்தன. ஷியா, சுன்னி சண்டையை விட்டு முஸ்லிம் நாடுகள் ஒன்றாக நிற்க வேண்டும் என்பது அதன் ஓயாத பேச்சு. பாக்குவின் எண்ணெய்ச் செல்வந்தர் தாகியேவ் தம் செலவில் நஜஃப் அறிஞர்களுக்கு அந்தப் பத்திரிகையை வரவழைத்துக் கொடுத்தார். ஆக, கல்கத்தாவிலிருந்து நஜஃபுக்குப் பணமும் போனது, அந்தப் பணத்துக்கு எதிர்ப்பேச்சும் போனது. 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஈரானைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு எதிர்ப்பேச்சுக்கே கேட்பார் கூடினர்.

முதல் உலகப் போரில் துருக்கி எதிரணியில் சேர, 1914 நவம்பரில் பிரிட்டனின் இந்தியப் படைகள் துருக்கியர் வசமிருந்த பஸ்ராவைப் பிடித்தன. நஜஃப், கர்பலா அறிஞர்களில் பெரும்பாலோர் ஜிஹாதுக்கு அழைப்பு விடுத்தார்கள். தங்களை ஒடுக்கிய சுன்னி துருக்கியருக்கு ஆதரவாக, வட்டி அனுப்பிய பிரிட்டிஷாருக்கு எதிராக. 1915 ஏப்ரலில் ஷுஐபா போர்க்களத்துக்கு நஜஃபிலிருந்து ஆட்களைத் திரட்டிவந்தவர் முகமது சயீத் அல்-ஹபூபி. ஷியாக் கவிஞர், மார்க்க அறிஞர்.