ஊரகக் குடும்பங்களின் இடைநிலை வருவாய்: ஸ்லேட்டர் ஊர்களும் வேளச்சேரியும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழக ஊர்களில் குடும்ப வருவாய் காலந்தோறும் அடைந்த மாற்றத்தை அறியக் கூட்டுச் சராசரியைவிட இடைநிலை அளவே பொருத்தமானது. கில்பர்ட் ஸ்லேட்டர் ஆய்ந்த ஊர்களைச் சான்றாகக் கொண்டு அவ்வளவை மதிப்பிடும் முறையையும், நகரோடு கலந்துவிட்ட வேளச்சேரி போன்ற ஊர்களில் அம்முறை எதிர்கொள்ளும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இடைநிலை அளவு, குடும்ப வருவாய், மறு ஆய்வு, நெற்கூலி, வேளச்சேரி

முன்னுரை

1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, குடும்பங்களின் நுகர்வுச் செலவையே தொடர்ந்து பதிவுசெய்து வந்துள்ளது. வருவாயைத் திரட்ட அது மேற்கொண்ட முயற்சிகளில், மக்கள் தெரிவித்த வருவாய் அவர்தம் செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக அமைந்தது. எனவே அம்முயற்சிகள் நிலைபெறவில்லை. வருவாயை நேரடியாகக் கேட்டறிந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, 2004-05இல் நாட்டின் குடும்ப வருவாய்ச் சராசரி ரூ.47,804, இடைநிலை அளவோ ரூ.27,857. செல்வர் சிலரின் வருவாய் சராசரியை எந்த அளவுக்கு உயர்த்துகிறது என்பதற்கு இவ்வேறுபாடே சான்றாகும்.

ஸ்லேட்டர் ஊர்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு ஊராய்வுகளைத் தொடங்கி, அவற்றை 1918இல் நூலாக வெளியிட்டார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவ்வூர்களை 1936-37இல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் மறு ஆய்வு செய்தனர். 1980களில் அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே எஸ். குகன் முதலியோர் மீண்டும் ஆய்ந்தனர். இருவேல்பட்டு 2008இலும் ஆராயப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரே ஊரைப் பின்தொடரும் இத்தகைய சான்று அரிதானது.

நடுவில் நிற்கும் குடும்பம்

இடைநிலை அளவுக்கு வரலாற்றாய்வில் ஒரு தனி நன்மை உண்டு. பெருநிலக்கிழாரின் வருவாய் துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. அது நடுவுக்கு மேலுள்ளது என்று அறிந்தால் போதும். ஆனால் ஊரின் எல்லாக் குடும்பங்களும் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஓர் ஊரில் 100 குடும்பங்கள் உள்ளன, அவற்றுள் 40 மட்டுமே நிலமுடையவை, ஏனைய 60 கூலிக் குடும்பங்கள் எனக் கொள்வோம். நிலவரிப் பதிவேட்டை மட்டும் நம்பினால், நிலமுடையோருள் நடுவில் உள்ளவரின் வருவாயே விடையாகும். எல்லாக் குடும்பங்களையும் வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்பது கூலிக் குடும்பமே. ஆக, சேரியை விட்டுவிட்டு ஊரை மட்டும் எண்ணிய கணக்கு, சிறிது பிழைபட்ட கணக்கு அன்று. வேறொரு வர்க்கத்தைப் பற்றிய கணக்கு.

எனவே ஆய்வாளரின் உழைப்பு கூலிக் குடும்பத்தின் ஆண்டு வருவாயை உருவாக்குவதில் செலவாக வேண்டும். ஆண், பெண், சிறுவர் ஒவ்வொருவரும் வேலை பெற்ற நாள்கள், நாட்கூலி, அறுவடைக் களத்தில் பெற்ற நெல், பண்ணையாளுக்குரிய ஆண்டுப் படி, ஆடுமாடுகளின் வரவு ஆகியவற்றைத் தனித்தனியே கூட்ட வேண்டும். மரக்காலும் படியும் வட்டாரந்தோறும் வேறுபட்டமையால், அவற்றை எடையாக மாற்றிய பின்னரே ஊர்களை ஒப்பிடல் தகும்.

நெல் என்னும் அளவுகோல்

1916இன் ரூபாயையும் 1981இன் ரூபாயையும் நேராக ஒப்பிட இயலாது. கூலியின் பெரும்பகுதி நெல்லாகவும், செலவின் பெரும்பகுதி உணவாகவும் இருந்த காலத்திற்கு, வருவாயை நெல்லாக மாற்றிக் காண்பது பொருந்தும். ஆனால் 2008இல் நியாயவிலைக் கடைகளில் ஒரு ரூபாய் அரிசியும், 2011 முதல் விலையில்லா அரிசியும் வழங்கப்பட்ட பின், சந்தை நெல்விலை ஏழைக் குடும்பத்தின் வாழ்க்கைச் செலவைக் காட்டும் தகுதியை இழந்தது. பிற்காலத்திற்கு நுகர்வோர் விலைக் குறியீடும், அரிசி மானியத்தின் மதிப்பும் வேண்டப்படுகின்றன. மேலும், இரண்டு ஆய்வாண்டுகளை நேர்கோட்டால் இணைப்பது இரண்டாம் உலகப்போர்க் கால விலையேற்றத்தையும் வறட்சி ஆண்டுகளையும் மறைத்துவிடும்.

வேளச்சேரி காட்டும் வரம்பு

சோழர் காலக் கல்வெட்டுகளையுடைய தண்டீசுவரர் கோயிலும் ஏரியும் கொண்ட வேளச்சேரி, செங்கற்பட்டு மாவட்டத்து வேளாண் ஊராக இருந்து, பின்னர்ச் சென்னையோடு இணைந்தது. ஏரியின் பெரும்பகுதி குடியிருப்புகளாயிற்று. 2007இல் பறக்கும் தொடர்வண்டியும் வந்தது. இங்கு ஊர்ப்பெயரை மட்டும் பின்தொடர்ந்தால், இடைநிலை வருவாய் பன்மடங்கு உயர்ந்ததாகவே தோன்றும். அவ்வுயர்வில் புதிதாகக் குடியேறியோரின் ஊதியம் எவ்வளவு, ஏரிப் பாசனத்தில் உழைத்தோர் வழிவந்த குடும்பங்களின் முன்னேற்றம் எவ்வளவு என்பதை அவ்வெண் பிரித்துக் காட்டாது. குடியேற்றம் குறைந்த ஊரில் இடத்தைப் பின்தொடர்வது போதுமானது. நகரான ஊரில் குடும்பங்களையே பின்தொடர வேண்டும்.

முடிவுரை

இடைநிலை வருவாய் என்பது எளிய கணக்கெனத் தோன்றினும், யாரை எண்ணுவது, எதை வருவாய் என்பது, எதனால் அளப்பது என்னும் மூன்று தேர்வுகளின் விளைவே அது. ஸ்லேட்டர் ஊர்களின் பதிவுகளை இம்மூன்று வினாக்களோடு மீண்டும் வாசித்தால், கூலிக் குடும்பத்தின் நூற்றாண்டு வரலாற்றை எண்களால் எழுத இயலும். வேளச்சேரி போன்ற ஊர்களிலோ, பழைய குடும்பங்கள் எங்குச் சென்றன என்பதைக் கண்டறிவதே முதற்பணியாகும்.