ஒலிப்புச் சாயலும் சமூக ஏற்பும்: சவுத்ஹால் பஞ்சாபியர் வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புலம்பெயர்ந்தோரின் ஒலிப்புச் சாயல் தலைமுறைதோறும் தேய்ந்து மறையும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மேற்கு லண்டனின் சவுத்ஹால் பகுதியில் குடியேறிய பஞ்சாபியரின் வரலாறு இவ்வெதிர்பார்ப்புக்கு முழுமையாக இணங்கவில்லை. இனப்பகை மிகுந்திருந்த காலத்தில் அங்கு வளர்ந்த தலைமுறை, பெற்றோரின் ஒலிப்பைக் கைவிடாமலே லண்டன் ஒலிப்பையும் தனதாக்கிக்கொண்டது. இதன் பின்புலத்தைப் பள்ளி, பணியிடம், தெரு ஆகிய களங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புலம்பெயர்வு, ஒலிப்புச் சாயல், சவுத்ஹால், பஞ்சாபியர், நாமடி ஒலி, சமூக ஏற்பு

முன்னுரை

ஒரு மொழியை அறிந்திருத்தல் வேறு. அதனை எந்த ஒலிப்புச் சாயலுடன் பேசுகிறோம் என்பது வேறு. பேச்சுவழக்கில் ‘ஆக்சென்ட்’ எனப்படும் இச்சாயல், பேசுவோரின் ஊர், தாய்மொழி, வகுப்பு ஆகியவற்றைக் கேட்போருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இலக்கணப் பிழையின்றி ஆங்கிலம் பேசுபவரும் சாயலால் அயலாராகக் கருதப்படலாம். பிரித்தானியாவின் குடியேற்றக் காலக் கல்விக் கொள்கை இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறியது. அத்தவற்றின் விளைவைச் சவுத்ஹாலில் தெளிவாகக் காணமுடிகிறது.

1948ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம் காமன்வெல்த் நாட்டினர் தடையின்றி வந்து குடியேற வழிசெய்தது. ஊல்ஃப் ரப்பர் தொழிற்சாலை போன்ற ஆலைகளின் பணிக்காகப் பஞ்சாபி ஆடவர் சவுத்ஹாலுக்கு வந்தனர். அருகிலிருந்த ஹீத்ரோ விமான நிலையமும் பின்னர் பலருக்கு வேலை தந்தது. 1962ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையொட்டி மனைவி, மக்களை அழைத்துக்கொள்ளும் போக்கு விரைவுற்றது. அதன்பின் மொழி பற்றிய விவாதம் ஆலையிலிருந்து பள்ளிக்கும் பரவியது.

பள்ளி: தோலைக் கொண்டு மொழியை அளத்தல்

1963இல் சவுத்ஹாலின் பீக்கன்ஸ்ஃபீல்டு சாலைப் பள்ளியில் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் மிகுந்துவிட்டனர் என்று வெள்ளையினப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கல்வி அமைச்சர் எட்வர்டு பாயில் நேரில் வந்து அவர்களைச் சந்தித்தார். தனித்தனி வகுப்புகள் என்ற கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. எனினும் ஒரு பள்ளியில் இப்பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்ற கருத்து வலுப்பெற்றது. 1965இல் கல்வித் துறை வெளியிட்ட 7/65 எண்ணுள்ள சுற்றறிக்கை இக்கருத்துக்கு அரசின் ஏற்பை வழங்கியது. சவுத்ஹாலின் ஆசியச் சிறுவர்கள் நாள்தோறும் பேருந்துகளில் ஏற்றப்பட்டுத் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். 1980களின் தொடக்கத்தில்தான் இந்நடைமுறை முற்றிலும் கைவிடப்பட்டது.

ஆங்கிலம் கற்பித்தலுக்கு உதவும் என்பதே இத்திட்டத்துக்குக் கூறப்பட்ட நியாயம். ஆயின் பிள்ளைகளின் ஆங்கிலத் தேர்ச்சி முறையாகச் சோதிக்கப்பட்டு அவர்கள் தெரிவு செய்யப்படவில்லை. இங்கிலாந்திலேயே பிறந்து ஆங்கிலம் பேசிய பிள்ளையும் பேருந்தில் ஏற வேண்டியிருந்தது. ஆங்கிலம் அறியாத ஐரோப்பியப் பிள்ளைக்கு அத்தேவை எழவில்லை. மொழியின் பெயரால் நிறமே அளக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. வெள்ளையினப் பிள்ளைகள் நடுவே சிறுபான்மையாக அமரவைக்கப்பட்ட இச்சிறுவர்கள், எந்த ஒலிப்பு எங்கே செல்லும், எங்கே கேலிக்குள்ளாகும் என்பதைப் பாடத்திட்டத்துக்கு வெளியே கற்றனர்.

பணியிடம்: ஒரு சொல்லின் தொனி

பணியிட ஒலிப்பு குறித்து மிகுதியும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஜான் கம்பர்ஸ் என்பாருடையது. 1982இல் வெளிவந்த ‘டிஸ்கோர்ஸ் ஸ்ட்ராட்டஜிஸ்’ என்னும் நூலில், பிரித்தானிய விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்களைப் பற்றி அவர் எழுதுகிறார். அப்பெண்கள் முகங்கொடுத்துப் பேசாதவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று மேற்பார்வையாளரும் உணவு பெற வந்தோரும் கருதினர். பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது காரணம் ஒரே சொல்லில் வெளிப்பட்டது. இறைச்சி பெறுபவரிடம் ‘கிரேவி வேண்டுமா?’ என்று கேட்க வேண்டிய இடத்தில், ஆங்கிலேயப் பணியாளர் ‘கிரேவி’ என்னும் சொல்லை ஏறுதொனியில் ஒலிப்பர். தெற்காசியப் பெண்கள் அதனையே இறங்குதொனியில் ஒலித்தனர். அவர்தம் மொழி வழக்கில் அது இயல்பான, பணிவான கேள்வி. ஆங்கிலேயர் செவிக்கோ ‘இது கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்பதுபோல் கேட்டது.

பதிவுகளைக் கேட்டு உரையாடிய பின்னர் இருதரப்பும் தத்தம் தவறான கணிப்பை உணர்ந்தன என்கிறார் கம்பர்ஸ். தொழிலிட மொழிப் பயிற்சி இயக்கத்தினருடன் இணைந்து அவர் உருவாக்கிய ‘கிராஸ்டாக்’ நிகழ்ச்சியைப் பிபிசி 1979இல் ஒளிபரப்பியது. சொல்லும் இலக்கணமும் சரியாக இருந்தும் தொனியால் ஒருவரது குணமே தவறாக மதிப்பிடப்படலாம் என்பதை நிறுவியது இவ்வாய்வின் பெரும்பேறு. ஆயினும் பின்வந்த திறனாய்வாளர் எழுப்பிய மறுப்பும் வலுவானதே. ஆங்கிலேயரின் தொனி தெற்காசியர் செவிக்கு எவ்வாறு ஒலித்தது என்று எவரும் பொருட்படுத்தவில்லை; அதனால் எந்த ஆங்கிலேயரும் வேலைக்கு அஞ்சவும் இல்லை. தவறாகப் புரிந்துகொள்ளுதல் இருவழிப்பட்டது. அதன் விலையைக் கொடுத்தவர் மட்டும் ஒரு தரப்பினர்.

சட்டமும் இவ்விடத்தில் போதிய துணை செய்யவில்லை. 1976ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் நிறம், இனம், தேசியம், இனவழி அல்லது தேசிய வழி ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. ஒலிப்புச் சாயல் அப்பட்டியலில் பெயர் சுட்டப்படவில்லை.

தெரு: கேலியும் பகையும்

1960இல் பீட்டர் செல்லர்ஸ் இந்திய மருத்துவராக நடித்த ‘தி மில்லியனரஸ்’ திரைப்படத்தையொட்டி வெளியான ‘குட்னஸ் கிரேஷஸ் மீ’ என்னும் பாடல், ‘இந்திய ஆங்கிலம்’ என்பதற்கு ஒரு கேலி வடிவத்தை நிலைநாட்டியது. 1977இல் தொடங்கிய ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொலைக்காட்சித் தொடர் அயலாரின் ஆங்கிலத்தையே நகைச்சுவையின் முதலாகக் கொண்டது. இவற்றைத் தீங்கற்ற வேடிக்கை என்று ஒதுக்குவோர் அக்காலத் தெருவை மறந்துவிடுகின்றனர். 1976 ஜூனில் குர்தீப் சிங் சாகர் என்னும் மாணவர் சவுத்ஹாலில் குத்திக் கொல்லப்பட்டார். 1979 ஏப்ரல் 23 அன்று அங்கு நேஷனல் ஃபிரண்ட் கட்சி நடத்திய கூட்டத்துக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் பிளேர் பீச் என்னும் ஆசிரியர் உயிரிழந்தார்.

நாமடி ஒலியின் நீடிப்பு

இத்தகைய சூழலில் வளர்ந்தோர் பெற்றோரின் ஒலிப்பை விரைந்து களைந்திருப்பர் என்று கருதத் தோன்றும். தேவயானி சர்மாவும் லவன்யா சங்கரனும் 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு படத்தைத் தருகிறது. ஆங்கிலத்தின் ‘ட்’ ஒலியை அவர்கள் சான்றாக எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயர் இதனைப் பல்லுக்குச் சற்றுப் பின்னுள்ள மேட்டில் நாநுனியை ஒற்றி ஒலிக்கின்றனர். தெற்காசியர் நாவை மேல்நோக்கி வளைத்து நாமடி ஒலியாக ஒலிக்கின்றனர். தொல்காப்பியப் பிறப்பியல் டகரத்தையும் றகரத்தையும் வெவ்வேறு பிறப்பிடம் உடையனவாகப் பிரித்துரைப்பதை அறிந்த தமிழ் ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு புதிதன்று. தமிழகத்தார் ‘டொரண்டோ’, ‘டீச்சர்’ என்று எழுத, ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’, ‘ரீச்சர்’ என்று எழுதுவதும் ஒரே ஆங்கில ஒலியை இரு செவிகள் வெவ்வேறாகப் பகுத்ததன் விளைவே.

சவுத்ஹாலில் பிறந்து வளர்ந்த இரண்டாம் தலைமுறையின் மூத்தோர் லண்டன் ஒலிப்புக்கூறுகளைப் பெற்றிருந்தனர். அதே வேளையில் நாமடி ஒலியையும் தொடர்ந்து ஆண்டனர். அத்தலைமுறையின் இளையோரிடமே அவ்வொலி குறைந்து, பிரித்தானிய ஆசியர் என்னும் அடையாளத்தைச் சுட்டும் பணியை ஏற்றது. ஆகவே மாற்றம் பிறப்பிடத்தால் ஒரேயடியாக நிகழவில்லை; வளர்ந்த காலத்தின் சமூகநிலையைச் சார்ந்து படிப்படியாக நிகழ்ந்தது.

அதே ஆண்டில் சர்மா தனியே வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதன் உட்பொருளை விளக்குகிறது. மூத்த ஆடவர் ஒருவரே லண்டன் தொழிலாளரிடம் லண்டன்காரராகவும், தெற்காசியரிடம் தெற்காசியராகவும் பேசும் திறன் பெற்றிருந்தார். பகை மிகுந்த புறவுலகும், உறவும் வணிகமும் இறுகப் பின்னிய அகவுலகும் தனித்தனியே இயங்கியமையால் இரண்டு குரல்கள் கூர்மையாகப் பிரிந்து நிலைத்தன. சமூகப் பகை ஓரளவு தணிந்த காலத்து இளைய ஆடவரிடம் இவ்வீச்சு சுருங்கி, எங்கும் பயன்படும் ஒரே கலப்பு ஒலிப்பு உருவானது. மூத்த தலைமுறைப் பெண்களிடம் ஆடவருக்கு நிகரான வீச்சு காணப்படவில்லை என்பது தனியே கருதத்தக்கது. குடும்ப வணிகத்தின் புறத்தொடர்புகள் ஆடவர் கையிலேயே இருந்தமை இதற்கொரு காரணம். விமான நிலைய உணவகப் பெண்களின் ஒற்றைச் சொல் ஆய்வு நூல்களில் நிலைபெற்றுவிட்டது. அவர்களையொத்த தாயரின் மகள்கள் எத்தனைக் குரல்களில் பேச வாய்ப்புப் பெற்றனர் என்னும் வினாவுக்கு, ஆடவர் பேச்சைப் பொதுநிலையாகக் கொள்ளும் வரலாற்றால் விடை கூற இயலாது.

1998இல் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய நகைச்சுவை நிகழ்ச்சிக்கு மீரா சியால் உள்ளிட்ட பிரித்தானிய ஆசியக் கலைஞர்கள் வைத்த பெயர் ‘குட்னஸ் கிரேஷஸ் மீ’. செல்லர்ஸ் போலி செய்த குரலை, இம்முறை அக்குரலைக் கேட்டு வளர்ந்தோரே எடுத்து ஒலித்தனர். தெற்காசிய ஒலிப்பும் ஆங்கிலேய ஒலிப்பும் அவர்களுக்குச் சம அளவில் கைவந்திருந்தமையால், இந்திய உணவகத்தில் ஆங்கிலேயர் நடந்துகொள்ளும் முறையைத் தலைகீழாக்கி, ஆங்கில உணவகம் ஒன்றில் ஆங்கிலேயப் பணியாளரின் பெயரை இந்தியர் தவறாக ஒலிக்கும் காட்சியையும் அவர்களால் நடித்துக்காட்ட முடிந்தது.