முன்னாள் படைவீரர் ஓய்வூதியக் கோரிக்கையும் பிரதிநிதி உதவியும்: பெங்களூரு

படைப்பணியிலிருந்து விடுபட்டவரோ, அவர் காலமான பின் மனைவியோ, ஓய்வூதியம், இயலாமை ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம் கோரும்போது விதிமுறை அறிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது பிரதிநிதி உதவி எனப்படும். பெங்களூரில் இதன் தேவை அதிகம். அல்சூர் வட்டாரத்திலுள்ள மெட்ராஸ் என்ஜினியர் குரூப், பயனீர் கோர், ராணுவக் காவல் படை ஆகியவற்றின் மையங்கள் இந்நகரில் இயங்குகின்றன. என்ஜினியர் குரூப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற சேப்பர் எனப்படும் வீரர் தமிழ்நாட்டுக் கிராமத்துக்குத் திரும்பிவிட்டாலும் அவருடைய பணிப்பதிவு பெங்களூரு ரெக்கார்ட் ஆபீஸில்தான் இருக்கும். மனைவியின் பெயர், படைவீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் பார்ட் டூ ஆர்டரில் ஒரு விதமாகவும் ஆதாரில் இனிஷியலுடன் வேறு விதமாகவும் இருந்தால், கணவர் இருக்கும்வரை யார் கண்ணிலும் படாது. அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் அந்த ஓர் எழுத்தில் சிக்கிக்கொள்ளும். அதை எந்த ஆவணம் கொண்டு, எந்தப் பிரிவில் திருத்துவது என்பது பழகியவருக்கே தெரியும்.

துணை இல்லாததால் வரும் இழப்பு இயலாமை ஓய்வூதியத்தில் மிகப் பெரிது. ஓய்வின்போது கூடும் மருத்துவ வாரியம், நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டால் பலர் அதையே இறுதி முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள். படையில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், மறுப்பதற்கான காரணத்தை நிர்வாகமே காட்ட வேண்டும் என்று 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014-ல் ராம் அவதார் வழக்கின் தீர்ப்பால், 30 சதவீத இயலாமை 50 சதவீதமாகக் கணக்கிடப்படும் சலுகை பலருக்கும் விரிந்தது. ஆனால் தாமதித்து வருபவருக்கு வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய 3 ஆண்டு நிலுவை மட்டுமே என்று 2008-லேயே தர்செம் சிங் வழக்கில் முடிவாகியிருந்தது. 15 ஆண்டு சும்மா இருந்தவர், வென்றாலும் 12 ஆண்டுப் பணத்தை இழப்பார். போதாததற்கு 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. தமக்குப் பொருந்துவது எந்த விதி என்பதைச் சொல்லவே ஒருவர் வேண்டும்.

படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம் வந்த பிறகு இடையில் ஆள் எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தளம் விண்ணப்பத்தை வாங்கும், நிலையைக் காட்டும். மறுப்புக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று அது சொல்லாது. தரகர்கள் பெருகுவார்கள் என்ற அச்சம் இதைவிட நியாயமானது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறையின் அங்கீகாரம் பெற்றவரே கோரிக்கைக்கு உதவலாம். முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அத்தகைய ஏற்பாடு நமக்கும் வேண்டும். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள உரிமை தருகிறது. ஆனால் கர்நாடகம் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வின் எல்லையில் வருவதால் பெங்களூரில் நிரந்தர அமர்வு இல்லை. அவ்வளவு தூரம் போகும் முன்பே, முதல் மேல்முறையீட்டிலேயே துணை கிடைத்தால்தான் உண்மையான பயன். மாவட்டந்தோறும் படைவீரர் நலனைக் கவனிக்கும் ஜில்லா சைனிக் போர்டு அலுவலகங்களில் முன்னாள் படைவீரர்களே வழிகாட்டுகிறார்கள். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டம், அதே அலுவலகங்களில் இலவசச் சட்ட உதவி மையங்கள் அமைக்க வழிசெய்கிறது. மறுப்புக் கடிதம் கிடைத்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடிதம், டிஸ்சார்ஜ் புக், மருத்துவ வாரிய அறிக்கையின் நகல் ஆகியவற்றுடன் முதலில் சைனிக் போர்டு அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.