வேலைகொள்வோரும் குடிவரவுச் சோதனையும்: கொழும்பு நகர வரலாறு தரும் படிப்பினைகள்

ஒரு நாட்டினுள் வந்து தொழில் புரிவோர் அந்நாட்டில் இருப்பதற்கு உரிமையுடையோர்தாமா என்பதை யார் சோதித்தறிதல் வேண்டும்? எல்லையிலும் துறைமுகத்திலும் அதனைச் செய்வது அரசின் கடமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின் தொழிலாளியை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் வேலைகொள்வோனே அவனுடைய பத்திரங்களைக் கேட்டுப் பார்த்து, உரிமையற்றவனைத் திருப்பியனுப்ப வேண்டும் எனச் சட்டம் விதிக்கலாமா என்பது கடந்த நாற்பது ஆண்டுகளாக மேலை நாடுகளிற் பெருவிவாதத்துக்கு உட்பட்டு வரும் வினாவாகும். இது மேலை நாடுகளுக்கே உரிய பிரச்சினை போலத் தோன்றினும், இதன் சாரம் இலங்கைக்குப் புதியதன்று. கொழும்பின் ஆலைகளும் துறைமுகமும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளின் விடுதிகளும் இவ்வினாவை வெவ்வேறு வடிவங்களிற் கண்டுள்ளன.

இவ்வேற்பாட்டை ஆதரிப்போரின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. மக்கள் கடல் கடந்து வருவது வேலை தேடியே. வேலை கிடையாதெனின் வரவு தானாகக் குறையும். உரிமைப் பத்திரம் அற்ற தொழிலாளி முறையிட அஞ்சுவான் என்பதை அறிந்தே சில முதலாளிகள் அவனைக் குறைந்த கூலிக்கு அமர்த்துகின்றனர். அதனால் இலாபம் பெறுபவன் முதலாளியாயிருக்கத் தண்டனை மட்டும் தொழிலாளிக்கு என்பது நீதியாகாது. எதிர்ப்போரின் வாதமோ வேறொரு தளத்தில் நிற்கிறது. பத்திரங்களைச் சோதிக்கும் பயிற்சியோ பொறுப்போ முதலாளிக்கு இல்லை. தவறிழைத்தால் தண்டனை உண்டென்னும் அச்சம் அவனுக்கு உண்டு. எனவே அவன் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னரே ஆளின் பெயரையும் பேச்சையும் தோற்றத்தையும் பார்ப்பான். ஐயத்துக்கிடமானவனை வேலைக்கு எடாது விடுவதே தனக்குப் பாதுகாப்பு என முடிவு செய்வான். இவ்விரு வாதங்களில் எது வலியது என்பதனை நாம் தருக்கத்தால் மட்டுமன்றி வரலாற்றாலும் அளந்தறிதல் இயலும்.

இலங்கையில் வேலைகொள்வோன் தொழிலாளியின் பத்திரத்தைப் பார்த்த பின்னரே அவனை ஏற்கும் வழக்கம் பெருந்தோட்டங்களிலேயே வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோர் கங்காணியின் கடனாளிகளாகவே வந்து சேர்ந்தனர். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குக் கங்காணியும் அவனது ஆட்களும் செல்ல வேண்டுமாயின், இன்ன தொகையைக் கட்டினால் அவர்களை விடுவிப்போம் எனப் பழைய தோட்டத்துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ தேவைப்பட்டது. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச்சீட்டு முறையும் இங்கு நினைவு கூரத்தக்கது. எண் பொறித்த தகரத் தகட்டைத் தாங்கி வந்த தொழிலாளி எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்பதை அத்தகடே சொல்லிற்று. அவனது பயணச் செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. துண்டும் தகரச்சீட்டும் குடிவரவைத் தடுக்க எழுந்தவையல்ல; தொழிலாளர் கைநழுவிப் போகாமற் காக்க எழுந்தவை. எனினும் பத்திரம் முதலாளியின் கையிலிருக்கும்போது தொழிலாளியின் நடமாட்டமும் அவன் கைக்குள் அடங்கி விடுகிறது என்பதனை அவை முதன்முதலிற் புலப்படுத்தின.

நகரத்தில் இப்பிரச்சினை வேறு உருவம் கொண்டது. கொழும்புத் துறைமுகத்திலும் புகையிரதப் பகுதியிலும் மாநகர சபையின் துப்புரவு வேலைகளிலும் தமிழ்நாட்டினரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில் அவர்களுட் பலர் குடியிருந்தனர். வெள்ளவத்தையில் இயங்கிய நூற்பு நெசவு ஆலையில் மலையாளத் தொழிலாளர் பெரும்பகுதியினராயிருந்தனர். 1929இல் உலகைப் பீடித்த பொருளாதார மந்தம் இலங்கையையும் தாக்கியபோது வேலையின்மை பெருகிற்று. 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தை நடத்தி நகரத் தொழிலாளரை இனபேதமின்றி ஒன்றுதிரட்டிய ஏ. ஈ. குணசிங்க, முப்பதுகளில் மலையாளிகளுக்கு எதிரான இயக்கத்தின் தலைவராக மாறினார். 1933இல் வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அவர்களுக்குத் துணை நின்றனர். குணசிங்கவின் சங்கமோ அதற்கு எதிராக நின்றது. கூலியைப் பற்றி எழுந்த வழக்கு, கூலியாள் எந்த நாட்டவன் என்ற வழக்காகத் திரிந்தமையே இந்நிகழ்ச்சியின் வரலாற்று முக்கியத்துவம் எனலாம். அவ்வாறு திரிந்ததனால் தொழிலாளரின் ஒற்றுமை குலைந்தது. நன்மை பெற்றவர் ஆலை முதலாளிகளே.

வந்தேறு தொழிலாளரே வேலையின்மைக்குக் காரணம் என்ற கருத்து ஆராய்ச்சிக்கும் உட்படுத்தப்பட்டது. சேர் எட்வேர்ட் ஜாக்சன் தலைமையிலான குடிவரவு ஆணைக்குழு 1938இல் வெளியிட்ட அறிக்கை, குடிவரவினால் இலங்கையர் பரவலாக வேலையிழந்தனர் என்பதற்கு ஆதாரம் காணவில்லை. பொதுவான கட்டுப்பாடு விதிக்க வேண்டிய அவசியத்தையும் அது ஏற்கவில்லை. ஆயின் அறிக்கையின் முடிபு அரசியலின் போக்கை மாற்றவில்லை. போக்குவரத்து வேலைப்பகுதி அமைச்சராயிருந்த ஜே. எல். கொத்தலாவலையின் முயற்சியால், அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை அகற்றும் திட்டம் 1939இல் நடைமுறைக்கு வந்தது. குறுகிய காலச் சேவையுடையோர் வேலை நீக்கப்பட்டனர். நீண்ட காலச் சேவையுடையோர் உதவித்தொகை பெற்றுத் தாமாகவே இந்தியா திரும்புமாறு ஊக்குவிக்கப்பட்டனர். இங்கு அரசு தானே வேலைகொள்வோன். தன் தொழிலாளரை நாட்டுரிமை நோக்கிப் பிரித்தெடுத்தவனும் அதுவே. அவ்வாண்டு யூலையில் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்து நடத்திய பேச்சுக்கள் பயன் தரவில்லை. அவர் வந்திருந்த நாட்களிலேயே இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. இந்திய அரசாங்கமும் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. நாட்கூலிகள் சிலரை நீக்கப் புறப்பட்ட திட்டம் இரு நாடுகளுக்கிடையே நெடுங்காலம் நீடித்த பிணக்காக வளர்ந்தது.

சுதந்திரத்தின் பின்னர் இப்பிணக்குச் சட்டங்களின் வடிவைப் பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் உரிமையைப் பிறப்புவழியோடும் முன்னோரின் பிறப்பிடத்தோடும் பிணைத்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் பிரசைகளல்லாதோர் அனுமதிபெற்றே தங்கலாம் என விதித்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்தியர் பாக்கிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டும், உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. எஞ்சியோர் ஒரு நாட்டிலும் பிரசைகளாகாது நின்றனர். வேலைக்கும் வாழ்விடத்துக்கும் பத்திரம் வேண்டும் என்ற காலத்தில், பத்திரம் பெறும் வாயில் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

இக்காலத்து ஆவணங்களுள் மிகவும் ஆழ்ந்து நோக்க வேண்டியது 1954 சனவரி 18ஆந் திகதி கைச்சாத்தான நேரு–கொத்தலாவலை ஒப்பந்தமாகும். சட்டவிரோதக் குடிவரவை ஒடுக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. வாக்காளர் இடாப்பில் இடம்பெறாத வயது வந்தோர் யாவரையும் கொண்ட ஒரு பதிவேடு தயாரிக்கப்படும் என்றும், அது முடிந்தபின் அதிலும் இடம்பெறாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழிகளுள் ஒன்றாயின் அவர் இந்தியாவிலிருந்து சட்டவிரோதமாக வந்தவரெனக் கொள்ளப்படுவார் என்றும் அது கூறிற்று. தமிழ் தமிழகத்துக்கு மட்டுமன்றி யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தாய்மொழி. இரு பட்டியல்களிலும் தவறிவிட்ட சிங்களவர் ஒருவர்மீது எழாத ஐயம், அவ்வாறே தவறிவிட்ட தமிழர்மீது எழுவதற்கு இவ்வாசகம் இடமளித்தது. பத்திரம் இல்லாதபோது மொழியே சாட்சியாகும் என்னும் கோட்பாடு இரு அரசாங்கங்களின் ஒப்புதலோடு எழுத்திலேறியது. 1952இல் இராணுவத்தினர் வட கரையிற் கள்ளக் குடிவரவைத் தடுக்கப் பணிக்கப்பட்டிருந்தனர். 1963இல் அப்பணி தனியொரு படைப்பிரிவாக விரிவாக்கப்பட்டது. ‘கள்ளத்தோணி’ என்ற சொல் கடலில் அகப்பட்டோரைக் குறிப்பதோடு நில்லாது, தலைமுறைகளாக இங்கு வாழ்ந்தோரையும் இழிக்கும் வசையாயிற்று.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க முற்பட்டது. 525,000 பேர் இந்தியப் பிரசைகளாவர் என்றும் 300,000 பேர் இலங்கைப் பிரசைகளாவர் என்றும் கூறி, எஞ்சிய 150,000 பேரைப் பின்னைய பேச்சுக்கு விட்டது. 1974இல் அவர்கள் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். இந்தியப் பிரசைகளானோர் நாடு திரும்பும் நாள்வரையோ ஐம்பத்தைந்து வயதுவரையோ வேலையில் நீடிக்கலாம் என்ற ஏற்பாடு, வேலையையும் வதிவிட உரிமையையும் ஒரே கயிற்றிற் கட்டியது. வதிவிடக் காலம் முடிந்தால் வேலையும் முடிந்தது. நாடற்றோர் பிரச்சினை 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் தீர்வை நோக்கிச் சென்றது. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் அதற்குத் தேவைப்பட்டன.

பிரசாவுரிமை உறுதியானபின் ஐயமும் அகன்றதா எனின், இல்லை என்பதே வரலாறு தரும் விடையாகும். போர்க்காலக் கொழும்பில் வடக்குக் கிழக்கிலிருந்து வந்து தங்கிய தமிழர் ஐயமறப் பிரசைகளே. தேசிய அடையாள அட்டையும் உடையோர். எனினும் வீட்டுக்காரர் தம்மிடம் தங்குவோரைப் பொலிசிற் பதிதல் வேண்டும் என்பதும், விடுதிகளில் இருப்போர் தலைநகரில் இருப்பதற்கான காரணத்தைக் காட்டுதல் வேண்டும் என்பதும் வழமையாயின. வேலைநேர்முகத்துக்கும் வெளிநாட்டுப் பயண ஒழுங்குகளுக்கும் மருத்துவத்துக்கும் வந்தோரே அவ்விடுதிகளிற் பெரும்பாலும் தங்கினர். 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் வெளியேற்றப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் மறுநாளே உயர் நீதிமன்றம் இதனைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. சில நாட்களிற் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். இது அந்நியரின் குடிவரவு பற்றிய செயலன்று. ஆயினும் விடுதிக்காரரையும் வீட்டுக்காரரையும் சோதனையின் அங்கங்களாக்கிய முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உலக அனுபவமும் இதனோடு ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது. ஐக்கிய அமெரிக்கா 1986இல் இயற்றிய குடிவரவுச் சீர்திருத்தச் சட்டம் ஒவ்வொரு வேலைகொள்வோனும் புதிய தொழிலாளியின் பத்திரங்களைச் சோதித்தல் வேண்டும் என விதித்தது. அச்சட்டத்தின் விளைவுகளை ஆராய்ந்த காங்கிரசின் கணக்காய்வு நிறுவனம் 1990இல் அளித்த அறிக்கையில், வேலைகொள்வோருள் ஏறத்தாழ 10 சதவீதத்தினர் அந்நியத் தோற்றமோ உச்சரிப்போ உடையோர்மீது இச்சட்டத்தின் காரணமாகப் பாகுபாடு காட்டத் தலைப்பட்டனர் எனக் கண்டது. பிரித்தானியா 1996ஆம் ஆண்டின் சட்டத்தால் வேலைகொள்வோரையும் 2014ஆம் ஆண்டின் சட்டத்தால் வீட்டுச் சொந்தக்காரரையும் இக்கடமைக்கு உட்படுத்தியது. கரீபியத் தீவுகளிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் முறைப்படி வந்து குடியேறியோர், காட்டுவதற்குப் பத்திரம் இல்லாமையால் வேலையையும் வீட்டையும் இழந்த செய்தி 2018இல் வெளிவந்து அரசையே தலைகுனிய வைத்தது. வளைகுடா நாடுகளின் ‘கபாலா’ முறையோ இதன் மறுகோடி. அங்கு தொழிலாளியின் வதிவிட உரிமையே முதலாளியின் கையில் இருந்து வந்தது. அதன் கொடுமையை இலங்கைப் பணிப்பெண்கள் நன்கறிவர்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, சோதிக்கும் அதிகாரம் தனியார் கைக்கு மாறும்போது அதனோடு மேன்முறையீடும் விளக்கங் கேட்கும் உரிமையும் மாறுவதில்லை. அரச உத்தியோகத்தன் தவறிழைத்தால் நீதிமன்றம் செல்லலாம். 2007இல் அவ்வாறே நிகழ்ந்தது. வேலை இல்லை எனக் கதவை மூடிய முதலாளியின் மனத்திலிருந்த காரணத்தை எந்த நீதிமன்றத்தில் நிறுவுவது? இரண்டாவது, பத்திரச் சோதனையால் முதலிற் பாதிக்கப்படுவோர் கள்ளமாக வந்தோர் அல்லர். அவர்களைப் போன்று பேசும், அவர்களைப் போன்ற பெயருடைய பிரசைகளும் வறுமையாற் பதிவு பெறாதோருமே ஆவர். மூன்றாவது, மலிந்த கூலி உள்ளூர்த் தொழிலாளியைத் தாழ்த்துகிறது என்ற முறையீடு மெய்யானது. ஆனால் அதற்கு மருந்து கூலிச் சட்டத்திலேயே உண்டு. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழிலுக்குத் தக்க சம்பளத்தை நிர்ணயித்தது. அவ்வாறான சட்டம் எல்லோர்க்கும் ஒருபடித்தாக நிறைவேற்றப்படின், பத்திரமற்றவனை அமர்த்துவதால் முதலாளி பெறும் ஆதாயம் அற்றுப்போகும்.

வேலைகொள்வோரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. கூலியைக் குறைத்தவனையும் கடவுச்சீட்டைப் பறித்து வைத்தவனையும் முறையிட்டவனைக் காட்டிக்கொடுப்பேன் என அச்சுறுத்தியவனையும் சட்டம் கடுமையாகத் தண்டித்தல் வேண்டும். அவன் மறுமொழி கூற வேண்டியது தொழிலாளியை நடத்திய முறைக்கே. தொழிலாளி எந்த நாட்டவன் என்பதனைத் தீர்ப்பது அவனது வேலையன்று. கட்டட வேலைகளிலும் தொழிற்சாலைகளிலும் பிறநாட்டுத் தொழிலாளர் மீண்டும் கொழும்பிற் காணப்படும் இந்நாளில், இலங்கையரும் பல நாடுகளில் அந்நியத் தொழிலாளராய் வாழும் இந்நாளில், இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளரை 1933இல் பிரித்த கேள்வி, அவர்கள் கூலியை உயர்த்தவில்லை. இன்று அதே கேள்வியைச் சட்டமாக்க முற்படுவோர் யாருடைய கூலி அதனால் உயரும் என்பதற்கு முதலில் விடை கூறுதல் வேண்டும்.